பெயரின் மேல் ஓர் அட்டை

பீரோவுக்கு மேல் சுருட்டி வைத்திருந்த சார்ட்டை இன்று காலையில் எடுத்துப் பிரித்தேன். ஸ்கெட்ச் பேனா வாசனை வந்தது. எட்டு வருடம் கழித்தும் அது எப்படி மிச்சம் இருக்கும்? என் மூக்குதான் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். நான்காம் வகுப்புக்கு இன்று ப்ரோநவுன் பாடம். உன் சார்ட் இல்லாமல் அதை நான் நடத்தியதே இல்லை.

எனக்கு வேலை கிடைத்த புதிது அப்போது. அக்கா நான், டீச்சரும் நான். இங்கிலீஷ் என்னவோ உனக்குத்தான் வந்தது. நர்சிங் படித்துக்கொண்டிருந்த நீ, லீவுக்கு மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி வந்த அன்றே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இதை வரைந்தாய். பாடப் புத்தகத்தில் இருக்கிற "செல்வி ஈஸ் எ கேர்ள்" என்பதை எழுதி, அந்தப் பெயருக்கு மேலே நூலில் ஒரு சின்ன அட்டையைக் கட்டினாய். அட்டையைக் கீழே விட்டால் செல்வி மறைந்து "ஷீ" வரும். தூக்கினால் மறுபடியும் செல்வி.

"பசங்க ஆடிக்கிட்டே கத்துக்கும். உன்னாட்டம் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்க வேணாம்" என்றாய். கடைசி வரியில் "ஃபாதர் ஈஸ் ஆங்ரி" என்று எழுதி, அட்டையை இறக்கி, "ஹீ ஈஸ் ஆங்ரி" என்று அப்பாவின் குரலிலேயே படித்துக் காட்டினாய். அப்பா வாசலில்தான் இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்கிற தைரியம் உனக்கு. ஆனால் அந்த "ஆங்ரி" மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல்தான் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனாராம், அம்மா பிறகு சொன்னாள்.

கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாய். மாப்பிள்ளை வேறு சாதி, நம் கிறிஸ்தவ வேதமும் இல்லை. அப்பா கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் கத்தவில்லை. "இந்த வூட்ல இனிமே அந்தப் பேரு என் காதுல வுழக் கூடாது" என்றார், ஒரே தடவை.

நாங்களும் பழகிக்கொண்டோம். எவ்வளவு சுலபமாகப் பழகிக்கொண்டோம் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. "அவ சாப்புட்டாளாமா?" "அவளுக்கு நைட் டூட்டியாம்." "அவளுக்குச் சளி புடிச்சிருக்காம்." அடுப்பங்கரையில் அம்மாவும் நானும் இப்படியே உன்னைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். அப்பா வீட்டில் இல்லாத நேரத்திலும் இப்படித்தான் பேசினோம்.

அந்த மாசி மாதச் சாயங்காலத்தில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நீ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கூப்பிட்டாய். நான்கு நாள் காய்ச்சலில் குரல் கம்மிப் போயிருந்தது.

"அப்பாகிட்ட ஃபோனக் குடுக்கா. என் பேரைச் சொல்லிக் குடு. அப்பத்தான் வாங்குவாரு."

ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். அப்பா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவ பேசணுங்கறா."

"எவ?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு முப்பது வயது. நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. திரும்பி உள்ளே போய், "அப்பா தூங்கிட்டாருடி, நாளைக்குப் பேசு" என்றேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எந்த விவசாயி தூங்குவான்? நீ கேட்டிருக்கலாம். "சரிக்கா" என்று வைத்துவிட்டாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

கோயமுத்தூருக்கு நானும் அம்மாவும்தான் வந்தோம். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைக் குனிந்தபடியே சொன்னாள்: "நீ பேரைச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பாருடி. நீ உள்ள போனப்புறமும் கையைத் தொடைச்சிக்கிட்டு வாசப்படியையே பாத்துட்டு நின்னாரு."

அன்றிலிருந்து அந்த "எவ?" என்னை விடவில்லை. குழம்பு கொதிக்கும்போது கேட்கிறது. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட்கிறது. முன்பெல்லாம் அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். இப்போது கேட்கும்போது அது ஒரு மனிதர் தன் மகளின் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று கேட்பதாக இருக்கிறது. அவர் போட்ட கட்டளையை அவரே எப்படி மீறுவார்? நான்தான் மீறியிருக்க வேண்டும்.

போன கல்லறைத் திருநாளன்று கோயிலில் எல்லோரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூசையில் சாமியார் வாசிப்பார் அல்லவா, அதற்கு. அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சீட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, "எல்லாரு பேரையும் எழுதும்மா" என்றார். தாத்தா பெயரை எழுதினேன். ஆயா, பெரியப்பா, பெரியம்மா. பேனா நின்றது. அப்பா பக்கத்திலேயே நின்றார்.

"அவ்ளோதானா?" என்றார்.

இந்தத் தடவை அவருக்குப் பயப்படவில்லை, நம்பு. ஆயாவுக்கும் பெரியப்பாவுக்கும் கீழே உன்னை எழுத முடியவில்லை, அவ்வளவுதான். எழுதிவிட்டால் நீ அந்த வரிசையில் போய் நின்றுவிடுவாய்.

"அவ்ளோதாம்பா" என்றேன்.

அப்பா சீட்டை வாங்கி நான்காக மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாமியார் வாசித்து முடித்த பிறகும் அப்பா முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்தபோதும் முதலில் உன் பெயரைப் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றிருந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், பார், இன்னும் வெறும் "நீ"தான்.

இந்த ஜூனில் என் வகுப்புக்கு உன் பெயரோடு ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள். ஏரியூர்ப் பக்கத்துப் பிள்ளை, முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது, ஓயாத வாய். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் அந்த இடம் வந்ததும் என் குரல் நின்றுவிடும். வகுப்பு சத்தமில்லாமல் காத்திருக்கும். நான் கூப்பிடாமலேயே அவள் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்பாள்.