எல்லோருக்கும் தெரிகிற முகங்கள்

ஆகஸ்ட் 9

சுருட்டை இன்றும் பேசவில்லை. விடுதியில் ஒரே அறை, கை நீட்டினால் எட்டும் கட்டில். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

நேற்று உணவறையில் ஒரு பெண்ணிடம், "இங்க யாராவது வர்றாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அது அவள்தான். அழகு நிலையத்துக்குப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சுருட்டை முடி இல்லாத சுருட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

"அவ்வளவு திமிரா உனக்கு?" என்றாள்.

திமிரா? எனக்கா?

ஆகஸ்ட் 12

உளவியல் வகுப்பு. பார்ப்பது கண் இல்லை, மூளை என்கிறார் பேராசிரியை. தாளில் ஒரு பொட்டு, ஒரு சிலுவைக் குறி. ஒரு கண்ணை மூடிச் சிலுவையையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவரச் சொன்னார். பொட்டு காணாமல் போய்விட்டது! அந்த இடத்தில் ஓட்டைகூட இல்லை, வெறும் வெள்ளைத்தாள். மூளையே பூசி மெழுகிவிடுகிறதாம். பிறந்ததிலிருந்து எல்லோர் கண்ணிலும் இந்த இருட்டு இருக்கிறது. ஒருவருக்கும் தெரிவதில்லை.

ஆகஸ்ட் 13

பொட்டு போகிறது, வருகிறது. விட மனமில்லை.

ஆகஸ்ட் 19

மறுபடியும் உளவியல் வகுப்பு.

திரையில் முகங்கள். முடி, காது, உடை எல்லாவற்றையும் வெட்டியெடுத்த வெறும் முகங்கள். எல்லாம் எங்கள் வகுப்பு ஆட்கள்தானாம். ஒவ்வொன்றுக்கும் வகுப்பே ஒரே குரலில் பெயர் சொன்னது. முன்பே பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு முகம் வந்ததும் எல்லோரும் சிரித்து என் பக்கம் திரும்பினார்கள்.

அது என் முகம்.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியை கூப்பிட்டார். "ஆளுங்கள நீ எப்படிம்மா அடையாளம் கண்டுபிடிப்ப?"

"நடை, குரல், முடி, பை... எல்லாரும் அப்படித்தானே மேடம்?"

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இல்லம்மா. மத்தவங்களுக்கு முகத்தப் பாத்தாலே போதும்."

"முகம் மட்டுமா?"

முகங்களை அடையாளம் காண முடியாத நிலை ஒன்று உண்டாம். கண்ணில் குறை இல்லை, அறிவிலும் இல்லை. வகுப்பு விளையாட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, முறையாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். போகிற வருகிற எல்லோரும் ஒருவரையொருவர் ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறார்கள். யோசிக்காமல், மூச்சு விடுவது மாதிரி! இத்தனை பெரிய மந்திரம் என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறது... நான் என்னவென்றால் செருப்புகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2

சோதனை முடிவு வந்துவிட்டது. அதுவேதான். சுருட்டையிடம் சொன்னேன்.

"அப்போ இப்ப பேசுறது நான்தான்னு எப்படித் தெரியும்?"

"மூக்க உறிஞ்சுற சத்தம்."

கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

செப்டம்பர் 6

சில நேரம் இது குடும்பத்தில் வரும் என்றார் பேராசிரியை. வீட்டுக்குப் போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன்.

கடைசிவரை கேட்டுக்கொண்டார். அப்புறம், "எல்லாரும் அப்படித்தானேம்மா?" என்றார்.

நான் சொன்ன அதே வார்த்தை!

அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. ஒருநாள் வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக அவள் நிற்க, அப்பா போய், "தலைவலிக்கு ஏதாவது குடுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். கட்டின பொண்டாட்டியைத் தெரியாத மனுஷன் என்று அம்மா அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவாள்.

போனை அவள் வாங்கினாள். "அப்போ உங்கப்பா கடைத்தெருவுல என்னைத் தாண்டிப் போனதெல்லாம்... வேணும்னு இல்லயா?"

"இல்லம்மா."

"இத்தன வருஷம்..." என்றாள்.

அக்டோபர் 3

விடுமுறை. ரயில் நிலையத்தில் வழக்கம்போல ஒரே முகக் கடல். வெளியிடத்தில் குரலை உயர்த்தியே அறியாத அம்மா கத்தினாள்: "ஏய், இந்தப் பக்கம்! நான்தான் உங்கம்மா! பக்கத்துல நிக்கிறவரு உங்கப்பா!"

சுமைதூக்குபவர்கூடச் சிரித்துவிட்டார்.

வெளியே நடக்கும்போது அம்மா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். "அப்போ என்னை எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?"

அப்பா கூச்சப்பட்டார். "வேகமா நடந்துட்டே இருப்ப. ஏதோ ஞாபகம் வந்த மாதிரி சட்டுனு நிப்ப. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அப்படி நிக்கிறது நீ ஒருத்திதான்."

அம்மா சட்டென்று நின்றாள்.