ஒற்றைச் சப்பாத்து

பேர்கன், நோர்வே
12.09.1976, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள அத்தானுக்கு வதனா எழுதுவது,

நேற்று மாலை சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் மகள் சுபோதினியும் சிட்னியில் சுகமாக இருக்க வேண்டும் என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வழக்கத்துக்கு எழுதும் வரி என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதா? நான் படிக்க வந்த ஆய்வுக்கூடத்து விலாசத்துக்குத் தந்தி அடிப்பதாகச் சொன்னீர்கள். அடித்திருப்பீர்கள். ஆனால் சனியும் ஞாயிறும் அந்த அலுவலகம் பூட்டு என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நாளைக் காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். எங்கள் வீட்டிலோ ரெலிபோன் இல்லை. கேட்டு எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது. எட்டு மணி மட்டும் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

போன வருடம் இதே மாதிரிக் காய்ச்சலில்தான் அவளுக்கு வலிப்பு வந்தது. வியாழக்கிழமை நான் புறப்படும்போது நூற்றிரண்டு காட்டியது. "நீர் போயிட்டு வாரும், மூண்டு மாசம்தானே, நான் பாக்கிறன். இராஜேஸ்வரி அக்காவும் அடுத்த தெருவிலைதானே இருக்கிறா" என்றீர்கள். நீங்கள் சொன்னதால் வந்தேன் என்று பழியை உங்கள் தலையில் போடமாட்டேன். எனக்கும் வர ஆசை இருந்தது. அதுதான் இப்போது நெஞ்சை அரிக்கிறது.

அறைக்குள் இருந்தால் விசர் பிடித்துவிடும் என்று காலையிலேயே ஊர் பார்க்கப் புறப்பட்டேன். விடுதிக்காரி வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடையைத் தந்தாள். துறைமுகத்துக்குப் போவதற்குள் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. தண்ணீர் ஓரமாகப் பழைய மர வீடுகள், சிவப்பும் மஞ்சளுமாக, ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. நேராக ஒரு சுவர் இல்லை. போன கிழமை நீங்கள் குசினிச் சுவரில் அடித்த பலகைத் தட்டு ஞாபகம் வந்தது, கோபிக்க வேண்டாம். மீன் சந்தை ஞாயிற்றுக்கிழமை பூட்டு. வெறும் கல்மேசைகளும் கடற்பறவைகளும்தான். மலை ஏறும் சின்ன ரயிலிலும் ஏறினேன். மேலே போய் நின்றால் முழு ஊரும் கப்பல்களும் தெரியும் என்றார்கள். முகில் வந்து மூடியதில் என் கைப்பிடிக் கம்பி மட்டும் தெரிந்தது. அதைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

எங்கே பார்த்தாலும் ரப்பர்ச் சப்பாத்துப் போட்ட சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். என் காலைப் பார்த்தேன். நனைந்து பிய்கிற பழைய சப்பாத்து. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பயணத்துக்கென்று பரமற்றாக் கடையில் வாங்கிய கறுப்புச் சப்பாத்தில் ஒன்றை அவள் ஒளித்துவிட்டாளே. வாசலில் டாக்ஸி நிற்கிறது, நான் கட்டிலுக்குக் கீழே தேடுகிறேன், அவள் போர்வைக்குள் இருந்து "சப்பாத்து இல்லாட்டி அம்மா போகேலாதெல்லோ" என்கிறாள். அந்த நெருப்புக் காய்ச்சலோடு இருந்த பிள்ளையை நான் ஏசினேன். அந்தக் கோபத்திலேயே கொஞ்சாமல் காரில் ஏறிவிட்டேன். பார்த்தீர்கள்தானே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள்.

இதைக் கேளுங்கள். நேற்றுப் பெட்டியைத் திறந்தால், அந்தச் சோடியில் மற்றது மேலாக இருக்கிறது. அவசரத்தில் நானே திணித்திருக்கிறேன். ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் அடுத்த தொங்கலுக்கு வந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் ஒரு பழைய தேவாலயம் திறந்திருந்தது. சேர்ச்சோ கோயிலோ, பிள்ளைக்காகக் கும்பிட்டால் கேட்காமலா போகும்? வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கை தானாகக் கழற்றிவிட்டது. கல் நிலம் ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. வந்தவர்கள் எல்லாரும் சப்பாத்தோடு நடந்து போய் என் காலைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. வந்தது வந்தாயிற்று என்று இருந்து, தேவாரம் ஒன்றை வாய்க்குள் பாடிவிட்டு வெளியே வந்தால், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நான் விட்ட சப்பாத்தைக் காணவில்லை.

அழுகை வந்துவிட்டது அத்தான். ஒன்றை மகள் ஒளித்தாள், மற்றச் சோடியை ஊரே ஒளித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது உள்ளே மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த வயதான பெண் வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய அறையில் சூடாக்கிக்குப் பக்கத்தில் என் சப்பாத்துகள், வயிற்றுக்குள் பேப்பர் அடைத்து, காய்ந்துகொண்டிருந்தன. ஏன் கழற்றினாய் என்று கையால் கேட்டாள். நான் கும்பிட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு இடுப்பளவில் கையை வைத்து, பிள்ளை உண்டா என்று கேட்டாள். நானும் கையை வைத்து உயரத்தைக் காட்டினேன். காட்டிய கையை எடுக்க முடியவில்லை. அவள் கோப்பி ஊற்றித் தந்து, சப்பாத்துக் காயும் மட்டும் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

ஊர் பார்த்த கதை அவ்வளவுதான். நாளைக்குத் தந்தியைப் பார்த்துவிட்டு மிச்சம் எழுதுகிறேன். செய்தி வேறு மாதிரி என்றால் எழுதமாட்டேன், அடுத்த விமானத்தில் ஏறிவிடுவேன்.

திங்கள் காலை

எட்டுக்கு முன்னமே கதவடியில் போய் நின்றேன். தந்தி மேசையில் கிடந்தது, சனிக்கிழமையே வந்ததைக் காவலாளி வாங்கி வைத்திருக்கிறார். அவரையே பிரித்துத் தரச் சொன்னேன். "காய்ச்சல் விட்டது. சாப்பிடுகிறாள். சப்பாத்து அரிசி ரின்னுக்குள்."

மூன்று தரம் வாசித்தேன். அங்கேயே குந்தியிருந்து அழுதேன், சிரித்தேன். வியாழன் ஒளித்த சப்பாத்து சனிக்கிழமைதான் அகப்பட்டது என்றால், அதுவரைக்கும் நீங்கள் அரிசி ரின்னைத் திறக்கவில்லை. பாணும் இராஜேஸ்வரி அக்காவின் கஞ்சியுமாகச் சமாளித்திருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம். இனியாவது சோறு சமையுங்கள், அரிசியை நாலு தண்ணீரில் கழுவிவிட்டு.

அவளை ஏச வேண்டாம். எனக்காக இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிடுங்கள், வியாழக்கிழமைக்கும் சேர்த்து. அந்தச் சப்பாத்தை அலுமாரியில் வைக்காமல் அவள் கையிலேயே கொடுங்கள். மற்றது என்னிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஒற்றைச் சப்பாத்தோடு அம்மாவால் அங்கே கனநாள் நிற்கேலாது என்றும் சொல்லுங்கள். அவளுக்கு அது விளங்கும்.

உங்கள்
வதனா