வைத்திருப்பவரே பதில் சொல்ல வேண்டும்

விடாமல் பெய்த மழை நின்று இன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. உங்கள் சட்டப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் பரப்பினேன். நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. அந்தத் தோல் அட்டை வாடை உங்கள் கறுப்புக் கோட்டிலும் இருக்கும். கோலார் கோர்ட்டுக்குப் போய்வந்த நாள்களில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வெயிலில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினேன். எதற்கு என்று கேட்காதீர்கள், ஏதாவது விழுமா என்று பார்க்கத்தான். பூச்சிகள் விழுந்தன. போன பிறகும் மனிதனைச் சோதனை போடுகிறாளே என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பி.எல். முடித்த வக்கீல் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் வேலூர் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என்னை உங்களுக்குக் கட்டிவைத்தார்கள். நீங்கள் கொண்டுவந்து இறக்கியது தங்கவயலில். மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் புகையையும் வெள்ளைத் தூசியையும் பார்த்துவிட்டு, "இங்கியா குடித்தனம்?" என்றேன். "கொஞ்ச நாளுதான். எம்.எல். முடிச்சா பெங்களூரு பெரிய கோர்ட்டுக்குப் போயிடலாம்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பெட்டியை உள்ளே வைத்தேன். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும். உங்களுக்கு அந்தப் பட்டம் வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் ஏறியிருந்தன.

எம்.எல். என்றால் நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதுகிற படிப்பு என்றே நினைத்திருந்தேன். ஒரு விஷயத்தை எடுத்து ஆராய்ந்து, நூல் போல எழுதித் தர வேண்டும் என்றீர்கள். நீங்கள் எடுத்துக்கொண்டது, தங்கச் சுரங்கக் கம்பெனிக்காகப் போட்ட இந்த ஊர்ச் சட்டம். மற்ற இடங்களில் ஒருவனைத் திருடன் என்றால், சொல்கிறவன் அதை நிரூபிக்க வேண்டும். இங்கே தங்கம் கலந்த பொருள் ஒருவன் கையில் இருந்தாலே போதும், அது நியாயமாக வந்தது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் ஜெயில். இது சரியா என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி.

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. நீங்கள் கோட்டைக் கழற்றி மாட்டியதும் பைகளைத் துழாவுவேன். பாதி கடித்த கமர்கட்டு, ஒரு தாழம்பூ மடல், யாருடையதோ ஒரு கைக்குட்டை. "இது எப்படி வந்துச்சு? நீங்கதான் சொல்லணும்" என்பேன். "நான் இன்னாத்துக்கு எம்.எல். எழுதறேன்? கம்பெனி சட்டத்த நீ ஊட்டுக்கே கொண்ணாந்துட்டியே" என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். கைக்குட்டைக்குக் கடைசி வரை பதில் வரவில்லை. நான் மறக்கவில்லை.

உங்கள் ஆராய்ச்சி என்னை மட்டுமா உறுத்தியது? பழைய கேஸ் கட்டுகளைப் படிக்கக் கோலாருக்குப் போனீர்கள். ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்களைத் தேடிச் சுரங்கக் கூலிக்காரர்களின் லைன் வீடுகளுக்குப் போனீர்கள். வக்கீல் கம்பெனியின் ஒற்றன் என்று கூலிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆள்களைத் தூண்டிவிடுகிறார் என்று கம்பெனியார் பேசிக்கொண்டார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. என் சந்தேகம் தனி. நந்திதுர்க் லைனில் முனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பொன் கல்லை அரைக்கும் மில்லில் வேலை பார்த்து, இதே சட்டத்தில் மாட்டி உள்ளே போயிருந்தான். எந்தப் பேச்சை எடுத்தாலும் அவள் பெயர் எப்படியோ வந்துவிடும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள். "ஒரு பொம்பள. புருஷன் ஜெயில்ல கீறான். ஊட்டுக் கூரைய பிரிக்கறா, அவன் சொருகி வெச்சது கெடைக்குது. வெச்சினு இருந்தா குத்தம். தூக்கிப் போடப் போனா வழியில புடிப்பாங்க. திருப்பிக் குடுத்தா, எப்படி வந்துச்சும்பாங்க. அவ இன்னாதான் பண்ணுவா?"

"எந்தப் பொம்பள?" என்றேன்.

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா ஆம்பளன்னு சொல்ல வேண்டிதுதானே?"

நீங்கள் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் வக்கீல் அங்கி வைக்கும் தகரப் பெட்டியின் அடியில் அந்தத் துணி முடிச்சைப் பார்த்தேன். உள்ளே எலுமிச்சை அளவில் வெள்ளையாக ஓர் உருண்டை. எடுத்தால் கை தாழ்கிற கனம். வெள்ளி என்று நினைத்தேன். எவளுக்கோ கொலுசு அடிக்க வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். மில்லில் பாதரசத்தைக் கொண்டு பொன்னைப் பிடிப்பார்கள், பிடித்த பொன் வெளுத்துத்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஊரெல்லாம் விசாரித்த நீங்கள் அதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடிச்சை எடுத்துப் புளிப்பானைக்குள் புதைத்தேன். நீங்களாகக் கேட்கட்டும், அன்றைக்குச் சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

நீங்கள் கேட்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்தீர்கள், பரணில் ஏறினீர்கள், விறகைக்கூட நகர்த்திப் பார்த்தீர்கள். "ஏதானா தொலைச்சிட்டீங்களா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றீர்கள், முகம் வெளிறிப் போய். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. மாட்டிக்கொண்டார் மனிதர் என்று சந்தோஷப்பட்டேன். நான் அறிந்தால் நானும் குற்றவாளி ஆவேன் என்று பயந்து நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு காலை, அடுப்பில் உலை கொதிக்கையில் கம்பெனி ஜமேதார் காவல் ஆள்களோடு வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, இப்போதும் அந்த வீட்டுப் பக்கம் நான் திரும்புவதில்லை. வக்கீல் வீடு என்றும் பாராமல் அரிசியைக் கொட்டினார்கள், படுக்கையைக் கிழித்தார்கள். புளிப்பானையைக் கவிழ்த்தபோது அந்த முடிச்சு விழுந்து உருண்டது. ஜமேதார் பிரித்துப் பார்த்துவிட்டுக் கூட வந்தவர்களிடம் காட்டினார். அவர்கள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அது வெள்ளி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"பானை யாருதும்மா?"

"என்னுது."

"அப்ப இது எப்படி வந்துச்சின்னு நீங்கதான் சொல்லணும்."

நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் பார்வை புளி சிதறிக் கிடந்த தரையில் இருந்தது. முடிச்சு எங்கே போயிருந்தது என்று உங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் குரல் வந்தது. "அது நான் வெச்சது. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக்குங்க."

எந்தக் கச்சேரியில் மற்றவர்களுக்காக வாதாடினீர்களோ அங்கேயே உங்களை நிறுத்தினார்கள். யார் கொடுத்தது என்று மாஜிஸ்திரேட் திரும்பத் திரும்பக் கேட்டார். பெயரைச் சொன்னால் விட்டுவிடலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கையில் இருந்ததற்காக ஒருவனைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்த நீங்கள் பதில் சொல்லவில்லை. ஜெயில் கிடைத்தது. வக்கீலாக வாதாடக் கொடுத்திருந்த சன்னதைப் பிடுங்கிக்கொண்டார்கள். எம்.எல். பேச்சு அதோடு முடிந்தது. பெங்களூரும் முடிந்தது. நான் கச்சேரி வாசலில் நின்று அழுதேன். உங்களுக்காக அழுதேனா, பெங்களூருக்காக அழுதேனா என்று நீங்கள் கேட்டிருந்தால் இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருப்பேன்.

திரும்பி வந்த பிறகு லைன் ஆள்களுக்கு மனு எழுதிக் காலம் தள்ளினீர்கள். இப்போது யாரும் உங்களை ஒற்றன் என்று சொல்லவில்லை. "யாரு குடுத்தாங்க? முனியம்மாதானே?" என்று நான் கேட்கும் போதெல்லாம் ஒரே பதில்தான்: "தெரிஞ்சா நீ சாட்சி ஆயிடுவ." இங்கே எந்தக் கோர்ட்டு நடக்கிறது என்று எரிந்து விழுவேன். கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள்.

உங்களை எடுத்த அன்று முனியம்மா வந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிய மனைவிக்குச் சமமாக அழுதாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு கிட்டே வந்து, "எனக்காகத்தான் ஐயா..." என்று ஆரம்பித்தாள். இத்தனை காலம் நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் அவள் வாய் வரை வந்துவிட்டது. "வேணாம், சொல்லாத. ஊட்டுக்குப் போ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் காலைத் தொட வந்தாள், நான் உள்ளே போய்விட்டேன்.

முடிச்சைக் கொடுத்தவர் பெயர் இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் உங்களிடம் ஒரு வழக்கு மீதி இருக்கிறது. ஊரில் எல்லோரிடமும் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டீர்கள். முடிச்சை ஏன் எடுத்தாய் என்று என்னிடம் மட்டும் கேட்கவில்லை. ஜெயிலிலிருந்து வந்த அன்றும் இல்லை, சண்டையில்கூட இல்லை, கடைசிக் காய்ச்சலிலும் இல்லை. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். உங்கள்மேல் சந்தேகம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன். பிறகு ஓவென்று அழுதிருப்பேன். அன்பினால் கேட்கவில்லையா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டீர்களா? எனக்கு அதிலும் சந்தேகம்தான். ஒரு தடவை கேட்டிருக்கலாம் நீங்கள்.