குனிகிற கழுத்து

கிள்ளான்,
9.8.1987

அன்பு மகள் கேத்தரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் உன் அப்பா நலம், நான் முக்கால் நலம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. ரவிக்கை ஊக்குகளைக்கூட அப்பாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டுவிடுகிறார். ரயிலுக்குக் கொடி காட்டிய கைக்கு இந்த வேலை வருமா என்று சீண்டினால் மனிதருக்கு ரோஷம் வந்துவிடுகிறது.

கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் வளர்ந்து உள்ளே போகும் நரம்புத் தண்டை நெரிக்கிறதாம், விட்டால் காலும் போய்விடுமாம். ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். தொண்டைப் பக்கம் திறந்தால் நெரிக்கிறதையே எடுத்துவிட்டு இடுப்பெலும்பில் ஒரு துண்டு வெட்டி அங்கே வைப்பாராம், வலி குறைவு, ஆனால் குரல் கம்மிப்போகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகுமாம். பிடரிப் பக்கம் திறந்தால் எலும்பை விலக்கி நரம்புக்கு இடம் கொடுப்பாராம், குரலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கழுத்து இறுகி, குனிவது கஷ்டமாகலாமாம். உங்களுக்கு இரண்டும் சரிவரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கோவில் பாடகர் குழுவில் எல்லாரும் பின்பக்கம்தான் என்கிறார்கள். நேசம்மா ஆன்டி வீட்டுக்கே வந்து, பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி யாரு எடுக்கிறது, தொண்டையில கத்தி வைக்க விடாதீங்க லா என்று அழுதுவிட்டார். எனக்கும் பாட ஆசைதான், இத்தனை வருஷம் பாடிய வாய். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன்னைக் குளிப்பாட்டியதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, உன்னைக் கால்மேல் போட்டு, குனிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வெந்நீர் ஊற்றுவேன். பின்னால் இஞ்சின் கூவினால் நீ வீறிடுவாய், அதை மிஞ்சி நான் பாடினால்தான் அடங்குவாய். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவை. அங்கே தொட்டியில் குளிப்பாட்டுவார்களாமே, என் பேரப்பிள்ளை என் காலில்தான் குளிக்க வேண்டும். அதற்குப் பிடிக்கிற கையும் குனிகிற கழுத்தும் வேண்டும். முன்பக்கமே செய்யுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன், வரும் செவ்வாய் ஆபரேஷன்.

மறுநாளே அப்பா பக்கத்து வீட்டுப் பாலனிடமிருந்து டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். உனக்குப் பாடிய தாலாட்டை அதில் பாடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நடுவில் இருமுவது அப்பாதான், அழுகையை அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, படியில் மெல்ல இறங்கு. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். குரல் பிழைத்தால் நேரில் வந்து பாடுகிறேன், அதுவரை அந்த டேப்பில் வேறு எதையும் பதிந்துவிடாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
செசிலியா இருதயம்