ஏழு கட்டமும் ஓர் உருளையும்

மார்ச் 4, செவ்வாய்
மூன்றாம் மாடி நேர்காணல் அறைக்கு இன்றும் ஐந்து பேர் வந்தார்கள். கடைசிப் பையன் நான் வைத்த தண்ணீரைத் தொடவே இல்லை. எல்லோரும் போனதும் கண்ணாடிப் பலகையைத் துடைத்தேன். ஏழு கட்டம், நடுவில் டிரம் மாதிரி ஓர் உருளை, அதிலிருந்து மூன்று அம்பு. போன வாரமும் இதே படம்தான். நேர்காணல் எடுக்கிற நெட்டை மேனேஜருக்கு இதை விட்டால் வேறு கேள்வி தெரியாது போல.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆகஸ்ட் பதினேழு. "துடைக்காதீங்கன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்று எட்டுப் பேர் முன்னால் என்னைக் கேட்டவன் இவன்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? துடைத்த படத்தை அங்கேயே ஒரு கோடு பிசகாமல் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. மறப்பேனா?

மார்ச் 6
பேத்திக்கு எங்கள் ஆபீசிலிருந்தே நேர்காணலுக்கு அழைப்பு. பதினொன்றாம் தேதி. இதுவரை நாலு இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" ஆயிற்று. நாலாவதுக்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதுவும் போனால் —

மார்ச் 8
பழைய காலண்டர் தாளின் பின்னால் அந்தப் படத்தை வரைந்துவிட்டேன். கொடுக்கலாமா? திருட்டா இது? துடைத்துப் போடுகிறவள் நான்தானே.

மார்ச் 9
பேத்தியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பாட்டி, இது எங்க கிடைச்சது?"

"எங்க கிடைக்கும். என் தலையிலதான் இருந்தது."

"ஏன் காட்டின? இனி தெரியாத மாதிரி எப்படி நடிப்பேன்?"

"ஊரே நடிக்குது. நீ அரை மணி நேரம் நடிச்சா தேஞ்சா போயிடுவ?"

எழுந்து போய்விட்டாள். அப்படியே அவள் தாத்தா. அந்த மனுஷனும் கைக்கு வந்ததைத் தள்ளிவிட்டே காலத்தை ஓட்டினார்.

மார்ச் 11
தண்ணீர்த் தட்டோடு உள்ளே போனேன். நெட்டையன் பலகையில் கட்டம் போட ஆரம்பித்தான். மூன்றாவது கட்டத்திலேயே இவள் வாயைத் திறந்தாள்.

"சார், இந்தக் கேள்வி எனக்கு முன்னாடியே தெரியும். வேற கேளுங்க."

பாவி. படுபாவி.

"யார் சொன்னது?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. தட்டோடு நின்ற என்னைப் பார்த்தான். அப்படியானால் ஆகஸ்ட் பதினேழு அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது. பலகையை அவனே அழித்தான். நான் வெளியே வந்தேன், கதவு மூடியது.

மார்ச் 12
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது தேவலை.

மார்ச் 13
லிஃப்டில் நெட்டையனும் நானும் மட்டும்.

"ஏழு கட்டமும் அப்படியே வரைஞ்சு குடுத்தீங்களாம்மா?"

"உருளையும் மூணு அம்பும் சேர்த்து. பொண்ணு மேல தப்பில்ல சார். காட்டினது நான். வேலைய விட்டு அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க."

தலையை ஆட்டினான். என்ன அர்த்தம் அதற்கு? ஆமா என்றா, இல்லை என்றா?

மார்ச் 17
சூப்பர்வைசர் கூப்பிட்டார். இனி நேர்காணல் அறைக்குள் நான் போகக் கூடாதாம், பலகையை மேனேஜர்களே துடைத்துக்கொள்வார்களாம்.

"அவ்வளவுதானா?"

"வேற என்னம்மா எதிர்பார்த்தீங்க?"

பேத்திக்கு இன்னும் பதில் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்
பத்து மணி டீ. பதினாறாவது கப்பை நீட்டினேன். எதிரே ஒரு புது அடையாள அட்டை தொங்கியது. "எனக்குச் சர்க்கரை கம்மி, பாட்டி" என்றாள், வரிசை முழுக்கக் கேட்க.

திறந்திருந்த நேர்காணல் அறைக்குள் நெட்டையன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது மூலையில் ஓர் அம்பு அழியாமல் அப்படியே நின்றது. நான் சொல்லவில்லை.