பூஜைக்குக் காத்திருந்த பம்பு

அக்கா,

சாம்பிராணிப் புகை மாடியில் என் மேசை வரைக்கும் வந்துவிட்டது. இன்று ஆயுத பூஜை. கீழே ஷெட்டில் நம் நகரசபையின் தீயணைப்பு பம்புக்குச் சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் உங்கள் போட்டோ. அதற்கும் ஒரு மாலை. போட்டது யார் தெரியுமா? நம் தலைவரேதான். எனக்கு வயிறு எரிகிறது.

போன வருஷம் அந்த பம்பை வாங்க வைத்ததே நீங்கள்தான். குப்பைக் கிடங்கு மேஸ்திரி, அதுவும் ஹனூர்க் காட்டுப்பக்கத்துப் பொம்பளை, கூட்டத்தில் எழுந்ததும் பாதிப்பேர் சிரித்தார்கள். கிடங்கைச் சுற்றி மதில் கட்டி வர்ணம் அடித்தால் போதும் என்றார் தலைவர். நீங்கள் விடவில்லை. "மதில் கட்டுனா குப்பை மறையுமுங்க, சூடு மறையுங்களா? ஈரமும் காஞ்சதும் ஒண்ணாக் கெடந்து உள்ளுக்குள்ள வெந்துட்டிருக்குது. ஒரு நாளைக்குப் பத்திக்கும், பாருங்க." வெளியே வந்ததும் என்னிடம், "இவிங்களுக்குக் காது கேக்கோணும்னா கத்தத்தான் வேணும் கண்ணு" என்று சிரித்தீர்கள்.

பம்பு வந்தது. ஷெட் சாவி ஸ்டோர் கீப்பரான என்னிடம். ஆயுத பூஜை முடியும்வரை தொடக்கூடாது என்பது தலைவரின் உத்தரவு. இந்த ஊரில் புது ஸ்கூட்டரைக்கூடப் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள்; எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. பூஜையைப் படம் பிடிக்கப் பேப்பர்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த வருஷப் பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, மத்தியானம், உங்கள் போன்.

"கண்ணு, கெடங்கு பத்திக்கிச்சு! பொறத்தால குப்பை பொறுக்குற ரெண்டு பொம்பளப் புள்ளைங்க மாட்டிக்கிட்டாங்க. பம்ப அனுப்பு, வெரசா!"

நான் பூட்டைத் திறக்கவில்லை அக்கா. தலைவருக்குப் போன் போட்டேன். "அய்யோ, பூஜைக்கு முன்னாடி முட்டபேடி, தொடவே கூடாது! மைசூர்ல இருந்து வண்டி வருது, ஸ்வல்ப பொறுங்க" என்றார். பொறுத்தேன். தசராக் கூட்டத்தில் அந்த வண்டி ஊர்ந்து வந்து சேர்வதற்குள், முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நீங்கள் உள்ளே போயிருந்தீர்கள். அந்த இரண்டு பெண்களையும் வெளியே தள்ளிவிட்டீர்கள். நீங்கள் வரவில்லை.

நாலாம் நாள் அந்த ஆள் கொஞ்சமும் கூசாமல் பம்புக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார். நானும் கைகூப்பி நின்றேன். தூ! என்ன ஜென்மம் நான்.

ஒரு வருஷம் கழித்து, தசரா லீவு முடிந்து நாளை மறுநாள் விசாரணை. தீப்பிடித்த அன்று பம்பு வந்தே சேரவில்லை என்று நான் சொல்ல வேண்டுமாம். காலையில் என் மேசைக்கே வந்து தேனாகப் பேசினார். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சும்மா? நிஜத்தைச் சொன்னா முதல்ல மாட்டுறது நீங்கதான். குழந்தைகள் இருக்காங்க, யோசிங்க."

யோசிக்க ஒரு வருஷம் இருந்தது எனக்கு. உங்களை நினைத்து அழுவது எப்போதோ நின்றுவிட்டது. இந்த ஆத்திரம் மட்டும் தினமும் என்னோடு எழுந்து என்னோடு சாப்பிடுகிறது. அவர் போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் விசாரணையில் சொல்வேன். அவர் தலை குனிவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் எனக்கு. ஆனால் அதற்கும் முன்னால், "பம்பு இருந்தது, நான்தான் திறக்கவில்லை" என்று சொல்லிவிடப் போகிறேன் அக்கா. அதை நானே சொல்லிவிட்டால், அப்புறம் எதைக் காட்டி என்னை மிரட்டுவார்?