நாலு மூளைப் பெட்டி

ஏப்ரல் 16, புதன்

எனக்கு எழுதப் படிக்க வராது. மகன் கிளமெண்ட் ஃபோனில் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறான். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். இன்று பேசியே ஆக வேண்டும். வயிறு எரிகிறது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போய்வரும் மருமகள் ஈவ்லின், ரயிலிலிருந்து வீங்கிய முகத்தோடு வந்தாள். அவளுடைய அதிகாரி கிரண், ஆபீஸில் அத்தனை பேர் முன்னால், வாடிக்கையாளர்களின் மெஷின்கள் அணைந்துபோவதற்கு இவள்தான் காரணம் என்றானாம். திங்கட்கிழமைக்குள் தப்பு வேறிடம் என்று காட்டாவிட்டால் வேலை இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

கேட்டேன், சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் நாலு மூளை. சூடேறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சூட்டை அளக்கும் புரோகிராம் ஈவ்லின் எழுதியது. குறைக்கச் சொல்வது கிரண் எழுதியது. நாலும் ஒரே கட்டு என்றாலும், நாலுக்கும் தனித்தனியாகச் சொன்னால்தான் குறையும். கிரண் எழுதியது ஒன்றுக்கு மட்டும் சொல்லிவிட்டு, மற்ற மூன்றும் தானாகக் கேட்டுக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறது. இது அவள் சந்தேகம். மூன்று முழு ஓட்டம் ஓடினால் சூடு எங்கே இறங்கும்? செய்தவன் அவன், பழி இவளுக்கா?

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். சோதனை ஓடுகிறதாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனைக்கு எல்லோரும் போய்விட்டார்கள். சுரங்கத் தூசி குடித்த இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. கூரை ஷீட்டிலிருந்து அனல் இறங்கியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். கம்பெனிப் பொருள், எரிந்தால் அந்தப் பழியும் இவள் தலையில்தான். வீட்டில் இருக்கும் ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிரணைத் திட்டிக்கொண்டே கிடந்தேன். பெரிய வெள்ளியில் திட்டக் கூடாது. திட்டினேன்.

வந்ததும் ஈவ்லின் கத்தினாள். "மாமா! இதுக்கு யாரு ஃபேன் வெச்சது?"

"நான்தான். கொதிக்குது."

"கொதிக்கணும்னுதானே இங்க தூக்கினு வந்தேன்! ஆபீஸ் ஏசில சூடே ஏறாது. நம்ம ஷீட்டுக்குக் கீழ வெச்சாத்தான் குட்டு வெளிய வரும். இவர்கிட்ட சொன்னேனே!"

கிளமெண்ட் ஃபேனையே பார்த்தான். "சொல்லலாம்னு இருந்தேம்பா..."

"எப்ப? நான் செத்த பெறகா?" எனக்கு இருமல் வந்துவிட்டது. "இன்னாம்மா, அவன்கிட்ட சொல்ட்டா எனக்குத் தானா வந்து சேருமா?"

ஈவ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி

ஃபேன் போடவில்லை. வெந்தோம். மத்தியானம் பெட்டி அணைந்தது. ஒரு மூளை மெதுவாகப் போக, மற்ற மூன்றும் தலைதெறிக்க ஓடியது அப்படியே பதிவாகியிருக்கிறதாம். கிரணுக்கு அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

கிரண் ஈவ்லினுக்கு ஃபோன் செய்தான். "சரி, மாத்திட்டேன்." அவ்வளவுதான். பழி எல்லோர் முன்னால், மன்னிப்பு இவள் ஒருத்தி காதில் மட்டுமா? மன்னிப்பும் இல்லை அது.

நான் சுரங்கத்தில் வேலை செய்தபோது ஒரு ஃபோர்மேன், கேஜ் கூண்டில் மேலே ஏறி வந்ததும், மொத்த ஷிஃப்டும் பார்க்க என்னைத் திருடன் என்றான். மறுநாள் வேறு ஆள் அகப்பட்டதும், தனியே கூப்பிட்டு, "போப்பா, நீ இல்ல" என்றான். அன்று கூட நின்றவர்கள் பெயர் எல்லாம் இன்றும் சொல்வேன். பாதிப் பேர் என்னைத் திருடன் என்று நினைத்தபடியே செத்தார்கள்.

"விடுங்க மாமா, வேலை கீதே" என்கிறாள். எப்படி விடுவது?

ஏப்ரல் 23, புதன்

அன்று கூட நின்றவர்களின் பெயரை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், குழம்பில் உப்பு கம்மி என்பது மாதிரி. இன்று மீட்டிங்கில் எழுந்து நின்று, "எல்லார் முன்னால என்னைச் சொன்னீங்க. நான் இல்லைங்கறதையும் எல்லார் முன்னால சொல்லுங்க சார்" என்றாளாம்.

"சொன்னானா?"

"சொன்னாரு மாமா. பாதிக் குரல்ல."

"பாதியா?"

"பின்னாடி ரெண்டு பேருக்குக் கேக்கல. திங்கக்கெழமை மறுபடியும் சொல்லச் சொல்லிக்கீறேன்."

ரசம் ஊற்றினாள். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.